ட்ரெயிலர் இழுத்துக்கொண்டு நெடுந்தூரம்: எந்த வீதியால் போவது?

சிலாபத்துக்கு வடக்கே ஒரு கடற்கரைக் கிராமத்தில் என் மாமா பழைய பைபர் படகொன்றை வாங்கினார். படகோடு அது ஏறி நின்ற ட்ரெயிலரையும் சேர்த்தே விலை பேசியிருந்தார். மாமியின் காப்புகள் வங்கியில் அடகில் இருந்தன. அந்தக் காசுதான் அங்கே படகாக நின்றது. அதை வடமராட்சிக்கு இழுத்துவர ஒரு பழைய டபுள் கெப், ஓட்ட மாமா, வழி சொல்ல நான். வழி சொல்வதென்றால் கைத்தொலைபேசியைப் பார்த்து வாசிப்பதுதான்.

புத்தளத்தில் தேநீருக்கு நிறுத்தியபோது நான் ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னேன். "மாமா, அநுராதபுரம் சுத்தத் தேவையில்லை. எலுவன்குளத்தால நேர மன்னாருக்குப் போகலாம். அங்கயிருந்து பூநகரி, சங்குப்பிட்டி. நல்ல கிட்ட."

பக்கத்து மேசையில் இருந்த லொறிச் சாரதி சிரித்தார். புத்தளத்துக்காரர். "தங்கச்சி, அங்க கலா ஓயாவில இருக்கிறது சப்பாத்துப் பாலம். தண்ணி மேலால ஓடினா நீங்க திரும்பணும். அந்த ட்ரெயிலரோட எங்க திருப்புவீங்க?"

என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு, படகு கொண்டுவருபவர்கள், அறுவடை இயந்திரம் ஏற்றித் திரிபவர்கள், கொழும்பிலிருந்து கொள்கலன் இழுப்பவர்கள் என்று எவரைச் சந்தித்தாலும் எந்த வீதியால் வருவீர்கள், ஏன் என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அவர்கள் எவரும் தூரத்தைக் கொண்டு பதில் சொல்லத் தொடங்குவதில்லை. எந்த இடத்தில் நிறுத்த முடியாது, எந்த இடத்தில் திருப்ப முடியாது, எந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காது என்றுதான் தொடங்குகிறார்கள். தனி வாகனத்துக்கு வீதியின் சராசரி நிலை போதும். ட்ரெயிலர் கொழுவிய வாகனத்துக்கு அந்த வீதியின் ஆக மோசமான நூறு மீற்றர்தான் கணக்கு. மிச்சம் முழுவதும் கார்பெட் வீதியாக இருந்தாலும் அந்த நூறு மீற்றரில் அகப்பட்டால் பயணம் அங்கேயே முடிந்துவிடும்.

வீதிக்கு முன்னர்

வீதியைத் தெரிவதற்கு முன் எதை இழுக்கிறோம் என்று தெரிய வேண்டும். எங்கள் ஊர்களில் ஓடும் சிறிய ட்ரெயிலர்கள் பலவற்றுக்குத் தனிப் பிரேக் இல்லை. பின்னால் வரும் பாரம் முழுவதையும் முன்வாகனத்தின் பிரேக்தான் நிறுத்த வேண்டும். வேகம் மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 70 ஆகக் கூடினால், நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது. ஆகவே பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு மலை வீதிகளைப் பட்டியலில் இருந்து முதலிலேயே வெட்டிவிடலாம்.

பாரத்தை ஏற்றும் முறையும் வீதித் தெரிவைப் பாதிக்கும். மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 வீதம் வரை கொழுக்கியில் அழுந்த வேண்டும் என்பது பொதுவான கணக்கு. படகு இயந்திரத்தைக் கழற்றாமல் பின்பக்கத்தில் தொங்கவிட்டால் பாரம் பின்னுக்குப் போய், வேகம் பிடித்ததும் ட்ரெயிலர் பாம்புபோல ஆடத் தொடங்கும். ஆடினால் பிரேக்கில் ஏறி மிதிக்கக்கூடாது. அக்சிலரேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் தானாகக் குறையும்வரை பொறுக்க வேண்டும். இயந்திரத்தைக் கழற்றி கெப்பின் பெட்டிக்குள் வைத்துவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

சில்லு சிறியதென்றால் ஒரு கிலோமீற்றருக்கு அது சுற்றும் தடவைகள் அதிகம். படகு ட்ரெயிலர் உப்புத்தண்ணீருக்குள் இறங்கி ஏறியது வேறு. பெயரிங் எப்போது கிறீஸ் கண்டது என்று விற்பவரிடம் கேட்டால், "இப்பதான்" என்பார். நாங்களும் கேட்டோம். அதே பதில்தான் வந்தது. கழற்றிப் பார்க்கவில்லை.

ஆவணங்கள் பற்றிச் சுருக்கமாக: ட்ரெயிலருக்கும் பதிவும் இலக்கத் தகடும் வேண்டும். சாதாரண கார் உரிமத்தோடு எவ்வளவு பாரமான ட்ரெயிலரை இழுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. கனரக லொறியோடு ட்ரெயிலர் என்றால் சி.ஈ. வகுப்பு உரிமம் தேவை. காப்புறுதி ட்ரெயிலரையும் அதன் மேலுள்ள பொருளையும் சேர்க்கிறதா என்று புறப்பட முன்னர் நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள். பாரம் வீதி ஒழுங்கைவிட அகலமானதென்றால் முன்அனுமதி இல்லாமல் நகரவே வேண்டாம்.

கொழும்பிலிருந்து வடக்கே: மூன்று வழிகள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். எந்த வழியால் வந்தாலும் மதவாச்சியில் ஏ-9 இல்தான் சேர்கிறோம். தெரிவு இருப்பது மதவாச்சிக்குத் தெற்கே.

முதலாவது ஏ-3 வீதி. பேலியகொடையில் தொடங்கி நீர்கொழும்பு, சிலாபம் ஊடாகப் புத்தளம் வரை 130 கிலோமீற்றர் அளவு. அங்கிருந்து ஏ-12 இல் நொச்சியாகமை ஊடாக அநுராதபுரம், பின் ஏ-20 இல் ரம்பாவ, ஏ-9 இல் மதவாச்சி. தொடக்கத்திலிருந்து கடைசிவரை தட்டையான நிலம். பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் இதைவிட இரக்கமான வழி இந்த நாட்டில் இல்லை என்று கொள்கலன் சாரதி ஒருவர் எனக்குச் சொன்னார். அவர் இருபது வருடமாக அதில் ஓடுகிறார்.

ஆனால் அதிலும் மூன்று கெட்ட இடங்கள் உண்டு. சிலாபம் தாண்டும் வரை ஊர் முடிந்து ஊர் தொடங்கும். முச்சக்கரவண்டிகள், பாடசாலைப் பிள்ளைகள், வீதியோரம் நிறுத்திய லொறிகள். நடு ஒழுங்கையில் நிற்கும் பஸ்ஸை முந்தும்போது உங்கள் வாகனம் கடந்துவிடும், பின்னால் வருவது இன்னும் கடக்கவில்லை என்பதை மறந்துவிடுவீர்கள். இரண்டாவது, புத்தளம் ரயில் பாதை இந்த வீதிக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. கடவைக்கு அப்பால் உங்கள் முழு நீளத்துக்கும் இடம் காலியாகும்வரை இப்பால் நின்றுகொள்ளுங்கள். பின்னால் ஹோன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

மூன்றாவதுதான் பெரியது. புத்தளத்துக்கும் நொச்சியாகமைக்கும் இடையே, கருவலகஸ்வெவ, சாலியவெவ பக்கங்களில் யானைகள் வீதியைக் கடக்கின்றன. அதே பகுதியில்தான் வீதி கலா ஓயாவையும் கடக்கிறது. 2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இந்த வீதியில்தான் ஆற்றுப்பெருக்கில் பயணிகள் பஸ் ஒன்று அகப்பட்டு, அதில் வந்தவர்களை மீட்பதற்கு நெடுநேரம் போராட வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கே அந்த நிலை என்றால் பின்னால் ட்ரெயிலர் உள்ள வாகனம் வெள்ளத்தில் பின்வாங்குவது நடக்காத காரியம். நவம்பர், டிசம்பர் மாதங்களில் இந்த வழியைத் தெரிந்தால் புத்தளத்தில் நிறுத்தி, எதிர்த்திசையில் வந்த லொறிக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் அப்பால் போக வேண்டும்.

இரண்டாவது வழி ஏ-1 இல் அம்பேபுஸ்ஸ வரை வந்து, ஏ-6 இல் குருநாகல். குருநாகலிலிருந்து இரண்டு கிளை: பாதெனிய ஊடாக ஏ-28 இல் அநுராதபுரம் போகலாம், அல்லது ஏ-6 இலேயே தம்புள்ளை போய் ஏ-9 ஐப் பிடிக்கலாம். ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் மென்மையானது. ஏ-28 இல் கல்கமுவ பக்கம் யானைகள். தம்புள்ளைக் கிளையில் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்ற வரும் லொறிகள் இரவில் வரிசைகட்டும். அந்தச் சாரதிகளுக்கு நித்திரையும் இல்லை, பொறுமையும் இல்லை. குற்றம் சொல்லவில்லை, விடியமுன் மரக்கறி சந்தைக்குப் போக வேண்டும். கலா ஓயா பெருகிய நாட்களில் புத்தளத்துக்குப் பதிலாக இந்த வழியைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் நாடு முழுக்க மழை என்றால் எல்லா வழியும் ஒன்றுதான்; வீட்டில் நிற்பதே தெரிவு.

மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான மத்திய அதிவேக வீதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. தனி வாகனத்துக்கு நல்ல வசதி. உழவு இயந்திரங்களுக்கு அதிவேக வீதிகளில் இடமில்லை. மற்ற வாகனங்களில் ட்ரெயிலர் கொழுவி வருபவர்கள் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; நுழைவாயிலில் வைத்துத் திருப்பி அனுப்பப்பட்டால் அந்த இடத்தில் பின்னெடுப்பது எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் கருத்தில் பழைய ட்ரெயிலருக்கு அதிவேக வீதி தேவையுமில்லை. உங்களைத் தவிர எல்லாரும் 100 இல் போகும் இடத்தில் 50 இல் போவதும் ஓர் ஆபத்துத்தான்.

மூன்றாவது கண்டி வழி. ஏ-9 கண்டியில்தான் தொடங்குகிறது, யாழ்ப்பாணம் வரை 321 கிலோமீற்றர். பெயருக்கு ஒரே வீதி என்பதால் சிலர் இதை நேரானது என்று நினைக்கிறார்கள். கடுகண்ணாவ ஏற்றம், கண்டி நகர நெரிசல், மழை பெய்தால் வெள்ளம் நிற்கும் அக்குறணை, அதற்கப்பால் பலகடுவ வளைவுகள். கண்டியிலோ மாத்தளையிலோ இறக்க ஏதுமில்லையென்றால் ட்ரெயிலருடன் இந்த வழியை எடுக்க ஒரு காரணமும் இல்லை.

நாங்கள் நின்ற இரவு

நாங்கள் வந்தது முதலாவது வழி. வழி சரி, நேரம் பிழை. படகுக்காரருடன் கணக்கு முடித்துப் புத்தளத்தை விட்டு வெளிக்கிடவே பொழுதுபட்டுவிட்டது. சாலியவெவ தாண்டி இருட்டில் ஏதோ எரிந்த கிறீஸ் மணம் வந்தது. மாமா நிறுத்தி இறங்கி இடது சில்லின் ஹப்பைத் தொட்டார், தொட்டதும் கையை உதறினார். "பெயரிங் போட்டுது, பிள்ளை."

மாற்றுப் பெயரிங் எங்களிடம் இல்லை. காடு இரண்டு பக்கமும். மெல்ல உருட்டி உருட்டி வெளிச்சம் தெரிந்த ஒரு சின்னக் கடை வாசல்வரை வந்தோம். கடைக்காரர் சிங்களவர், மாமாவுக்குத் தெரிந்த சிங்களம் மீன் விலை சொல்லப் போதுமானது. ஆனால் ஹப்பைக் காட்டியதும் அவருக்கு எல்லாம் விளங்கியது. கடை முற்றத்துக்குள் எடுத்து விடச் சொன்னார், தன் மகனை அனுப்பி இன்னொரு பல்ப் போட வைத்தார். இரவு முழுக்கத் தூரத்தில் யானை வெடி கேட்டது. மாமா படகுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டார். நித்திரை கொண்டாரா தெரியவில்லை. காலையில் நொச்சியாகமையில் பெயரிங் கிடைத்தது. கடைக்காரரின் மகன்தான் மோட்டார் சைக்கிளில் என்னை ஏற்றிப்போனான். பணம் வாங்க மறுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து நான் எல்லாருக்கும் சொல்லும் நேரக் கணக்கு இது. கொழும்பிலிருந்து அதிகாலை நாலு மணிக்குள் வெளிக்கிடுங்கள். ஊர் விழிக்க முன் நீர்கொழும்பையும் சிலாபத்தையும் கடந்துவிடலாம். புத்தளத்துக்கு வெயில் ஏறிய பிறகு வருவீர்கள், யானைப் பகுதி பகலில் கழியும். மதியத்துக்கு வவுனியா, பின்னேரம் யாழ்ப்பாணம். எதிர்த்திசையில் வருபவர்கள் விடிந்த பிறகு யாழ்ப்பாணத்தை விட்டு, பொழுதுபட முன் புத்தளம் வந்து அங்கே தங்கிவிடுவது நல்லது. இரவில் வீதி வெறுமையாக இருக்கும், வேகமாக வரலாம் என்பது தனி வாகனக்காரரின் புத்தி.

மதவாச்சிக்கு வடக்கே

மதவாச்சியில் ஏ-9 இல் நேரே போகலாம், அல்லது ஏ-14 இல் மன்னார்ப் பக்கம் திரும்பி ஏ-32 ஐப் பிடித்து வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் ஊடாக நாவற்குழிக்கு வரலாம். எங்கள் தலைமுறைக்கு இப்படி இரண்டு வழி என்பதே புதிது. 2006 ஓகஸ்டில் ஏ-9 மூடப்பட்டபோது எந்த வீதியால் போவது என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. சங்குப்பிட்டியில் பாலம் திறந்தது 2011 ஜனவரியில்தான். அதற்கு முன் கேரதீவிலிருந்து பாதையில் ஏறிக் கடலைக் கடந்தார்கள்.

ட்ரெயிலருடன் வருபவர்களுக்கு என் தெரிவு ஏ-9. காரணம் வீதியின் தரமல்ல, வீதியோரம். வவுனியா, புளியங்குளம், மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் என்று கராஜும் ரயர்க் கடையும் உதிரிப்பாகமும் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஏ-32 அழகான வீதி, ஆளில்லாத வீதி. அங்கே ஒரு பெயரிங் போனால் மன்னாருக்கோ கிளிநொச்சிக்கோ ஆள் அனுப்ப வேண்டும். காற்றும் இருக்கிறது. மன்னார்த் தீவில் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா அல்ல. மே தொடங்கி செப்டெம்பர் வரை சோளகம் வீசும் நாட்களில் சங்குப்பிட்டித் தாம்போதியில் காற்று பக்கவாட்டில் அறையும். படகு போன்ற உயர்ந்த, வெறுமையான பாரத்துக்கு அது பாய்மரம் கட்டியதற்குச் சமம். அந்த மாதங்களில் கடக்கத்தான் வேண்டுமென்றால் காற்று எழும்ப முன், காலையில் கடந்துவிடுங்கள். ஆனையிறவிலும் காற்று உண்டு, ஆனால் அந்தத் துண்டு கெதியில் முடிந்துவிடும்.

ஏ-9 இல் கவனிக்க வேண்டியது மனிதரும் மாடும். இரவில் கட்டாக்காலி மாடுகள் வீதியின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். மாசி, பங்குனியில் அறுவடை. வீதியோரத்தில் நெல் காயும், பின்விளக்கு இல்லாத உழவு இயந்திரப் பெட்டிகள் இருட்டில் திடீரென்று முளைக்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கு ஏ-14, பொசனுக்கு மிகிந்தலையும் அநுராதபுரமும் நிரம்பிவிடும். அந்த நாட்களில் நீண்ட வாகனத்தோடு வர வேண்டியதில்லை.

முல்லைத்தீவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஏ-9 இலிருந்து இரண்டு வீதிகள் உண்டு. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்பு ஊடாக ஏ-35, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் ஊடாக ஏ-34. முதலாவது வட்டுவாகல் பாலத்தைக் கடந்துதான் முல்லைத்தீவுக்குள் போகும். அந்தப் பாலத்தின் கதை பெரிய கதை, இங்கே சொல்லி முடிக்க முடியாது. வீதிக் கணக்கில் மட்டும் சொன்னால், நந்திக்கடல் நீரை ஒட்டிய ஒடுங்கிய பழைய பாலம், எதிரே ஒரு வாகனம் வந்தால் ஒருவர் காத்திருக்க வேண்டும், வெள்ளத்தில் முதலில் மூழ்குவதும் அதுதான். புதிய பாலத்துக்கு 2025 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அது முடிந்து திறக்கும்வரை ட்ரெயிலர் கொழுவியவர்கள் மாங்குளத்தில் திரும்புங்கள்.

கிழக்கும் மலையகமும்

மட்டக்களப்புக்குப் போக கண்டி, மகியங்கனை வழியைச் சிலர் குறுக்கு என்பார்கள். அந்த வழியில்தான் பதினெட்டு வளைவு இருக்கிறது. வளைவில் ட்ரெயிலர் எப்போதும் முன்வாகனத்தின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டும். கொண்டை வளைவில் உள்பக்கம் கானாக இருக்கும், அல்லது மலை. குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை, வாழைச்சேனை வழியே சுற்றினாலும் நிலம் தட்டை. ஹபரணைக்கும் மின்னேரியாவுக்கும் இடையே மீண்டும் யானைக் கணக்கு, அதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். திருகோணமலை, மட்டக்களப்பு ஏ-15 இல் இப்போது பாலங்கள் வந்துவிட்டன. கிண்ணியாவில் பாதைக்காக வரிசையில் நின்ற காலம் 2009 ஒக்டோபரில் பாலம் திறந்ததோடு போய்விட்டது.

மலையகத்துக்குள் போகத்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தெரிவு குறைவு. பழைய சாரதிகளின் விதி ஒன்றுதான்: எந்தக் கியரில் ஏறுவாயோ அந்தக் கியரில் இறங்கு. இறக்கம் தொடங்க முன்னரே கியரைக் குறைத்துவிட வேண்டும். பாதி இறக்கத்தில் மாற்ற நினைத்தால் வாகனம் விடாது. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிமானம் போகும், எரிந்த மணம் வந்தால் அது கடைசி எச்சரிக்கை. அகலமான இடத்தில் நிறுத்தி, சில்லுக்குக் கல் வைத்து, ஆறும்வரை காத்திருங்கள். தண்ணீர் ஊற்றி ஆற வைக்க வேண்டாம்.

குறுக்கு வீதி பற்றி நானுஓயாவில் கேளுங்கள். அங்குள்ள ரதெல்ல குறுக்கு வீதி செங்குத்தான இறக்கம். 2023 ஜனவரி 20 ஆம் திகதி மாணவர்களை ஏற்றிவந்த பஸ் ஒன்று அந்த இறக்கத்தில் கட்டுப்பாட்டை இழந்து வானிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்தனர். வானில் வந்தவர்களில் பலர் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். பெரிய வாகனங்கள் அந்த வீதியால் போகக்கூடாது என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாமல் வந்தவருக்குக் கைத்தொலைபேசி அதைக் குறுக்கு வழி என்றே காட்டும்.

வரைபடம் சொல்வதும் சொல்லாததும்

கைத்தொலைபேசி வரைபடத்துக்கு உங்கள் பின்னால் ட்ரெயிலர் இருப்பது தெரியாது. அதற்கு நிமிடம் மட்டும்தான் கணக்கு. புத்தளத்திலிருந்து எலுவன்குளம் ஊடாக மன்னார் போகும் கோடு வில்பத்து தேசியப் பூங்காவைக் கிழித்துக்கொண்டு போகிறது. நீதிமன்றம்வரை போன பாதை அது. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கோடு கடலுக்கு மேலால் இருக்கும். அது பாலமல்ல, பாதை. ட்ரெயிலருடன் தீவகம் போகிறவர் பண்ணையால்தான் சுற்ற வேண்டும்.

நான் இப்போது செய்வது இது. வரைபடத்தில் வழியைப் பார்த்துவிட்டு, செய்மதிப் படத்துக்கு மாற்றி, முழு வழியையும் விரலால் மெல்ல நகர்த்திப் பார்ப்பேன். பாலம் வீதியைவிட ஒடுங்கியிருந்தால் தெரியும். ரயில் கடவை தெரியும். முப்பது நாற்பது கிலோமீற்றருக்கு ஒன்றாக, நீண்ட வாகனம் நேராக நுழைந்து நேராக வெளியேறக்கூடிய எரிபொருள் நிலையத்தையோ கோயில் முன்றலையோ குறித்துக்கொள்வேன். பின்னெடுக்கத் தேவையில்லாத நிறுத்தம் என்பதுதான் அதில் முக்கியம். பிறகு அந்த வழியில் அண்மையில் போன ஒருவருக்கு அழைப்பு எடுப்பேன். மழைக்காலத்தில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அறிவிப்புகளையும், மலைப்பக்கம் என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பார்ப்பேன்.

நிறுத்தங்களில் செய்யும் வேலை ஐந்து நிமிடம்தான். ஹப் ஒவ்வொன்றையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது, ஒன்று மற்றதைவிடச் சுடுகிறதா என்று. கொழுக்கிப் பூட்டு, பாதுகாப்புச் சங்கிலி, கட்டிய கயிறு, பின்விளக்கு. முதல் நிறுத்தம் இருபது முப்பது கிலோமீற்றருக்குள் இருக்க வேண்டும், கயிறு தளர்வது அப்போதுதான். ஏ-9 இல் எல்லாரும் முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்துகிறார்கள். தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கிக்கொண்டு வரும்போது ஹப்பையும் தொட்டுப் பார்க்கலாம்.

கடைசிக் கிலோமீற்றர்

நானூறு கிலோமீற்றருக்கு வழி யோசித்த நாங்கள் கடைசி நானூறு மீற்றரை யோசிக்கவில்லை. மாமா வீட்டு ஒழுங்கையில் ஒரு கெப் போகும். ட்ரெயிலரும் நேராகப் போகும். ஆனால் ஒழுங்கைக்குள் திரும்பும் இடத்தில் ஒரு பக்கம் மதில், மறுபக்கம் மின்கம்பம். இடதுபக்கம் திரும்ப ட்ரெயிலர் மதிலை நோக்கி வெட்டியது. பின்னெடுத்தால் பிரதான வீதியில் வாகனங்கள். மாமா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார், நான் தொலைபேசியைப் பார்த்தேன். அதில் நாங்கள் வந்து சேர்ந்துவிட்டதாகப் போட்டிருந்தது.

ஹோன் சத்தம் கேட்டுச் சந்திக் கடையில் நின்றவர்கள் வந்தார்கள், பிறகு கடற்கரைப் பக்கமிருந்து மாமாவின் கூட்டாளிகள் வந்தார்கள். கெப்பைக் கழற்றிவிட்டு, எட்டுப் பேர் சேர்ந்து ட்ரெயிலரைக் கையால் தூக்கித் திருப்பி, படகோடு தள்ளிக்கொண்டு போனார்கள். மாமி படலையைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார்.